வடக்குப் பார்த்த வீட்டின் படம்

அருள்மேரிக்குக் கோபம் வந்தால் பென்சில் சீவுவாள். மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் வேலை பார்த்த அலுவலகத்தில் அவள் மேஜைக்குக் கீழே மரச்சுருள் குவிந்து கிடந்தால், அன்றைக்கு யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம். தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசியிலிருந்து அடுத்த ஆனி வரைக்கும் அந்தக் குவியல் குறையவே இல்லை. காரணம் ஒரு கேமரா.

அது வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம். ஆர்க்கிடெக்ட் ஸ்ரீநிவாசராகவன் சார்தான் முதலாளி. நான் சாவித்ரி, டைப்பிஸ்ட். அருள்மேரி டிராஃப்ட்ஸ்மேன், பெண்தான் என்றாலும் அவளுடைய ஐ.டி.ஐ. சான்றிதழில் அப்படித்தான் போட்டிருந்தது. என் வயதுதான் அவளுக்கும், முப்பத்திரண்டு. கடப்பேரியில் வீடு. கணவர் அப்பாதுரை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். சார் கிறுக்கிக் கொடுப்பதை இவள் மை பேனாவில் சுத்தமாக வரைந்து கொடுப்பாள். அவள் போட்ட கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஒரு மயிரிழைகூட விலகியிருக்காது. வேறு யாராவது வரைந்ததில் ஒரு சுவர் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அவளுக்குக் கண் உறுத்தும். "இத மொதல்ல எடுங்க, எனக்கு தல வலிக்குது" என்பாள்.

கட்டி முடித்த வீடுகளைப் படமெடுத்து ஆல்பமாக வைத்து, புதிதாக வருகிறவர்களிடம் காட்ட வேண்டும் என்று சாருக்கு ஆசை. கல்யாணப் படமெடுக்கும் ஒரு ஸ்டுடியோக்காரரை அனுப்பிப் பார்த்தார். அவர் வீட்டுக்காரரின் குடும்பத்தை வாசலில் வரிசையாக நிற்க வைத்து, பின்னால் தெரிந்த அளவுக்கு வீட்டை எடுத்து வந்தார். ஆட்களே வேண்டாம் என்று சொல்லி மறுபடி அனுப்பியபோது, முன்னால் ஒரு செம்பருத்திச் செடி பெரிதாகவும் பின்னால் வீடு மங்கலாகவும் வந்தது. சாருக்கு வெறுத்துப் போய்விட்டது. பர்மா பஜாரில் யாரோ தெரிந்தவர் மூலமாக ஒரு பழைய கேமராவையும் மூன்று கால் ஸ்டாண்டையும் வாங்கிவந்து அருள்மேரியின் மேஜைமேல் வைத்தார்.

"இந்த ஆபீஸ்ல கோடு நேரா வர்றது உனக்குத்தான். நீயே எடும்மா."

"சார், நான் கேமராவத் தொட்டதுகூட இல்ல."

"பேனாவையும் ஒரு நாள் மொத மொதல்ல தொட்டிருப்பே இல்லையா?"

பெண்பிள்ளை தனியாகத் தெருவில் நின்று அடுத்தவர் வீட்டைப் படமெடுத்தால் கேள்வி வரும் என்று என்னையும் கூட அனுப்பினார். கேள்வி வரத்தான் செய்தது. சிட்லபாக்கத்தில் நாங்கள் கட்டிக் கொடுத்த ஒரு வீட்டுக்கு முன்னால் ஸ்டாண்டைப் பிரித்து நிறுத்தியதும், பக்கத்து வீட்டில் ரிட்டயரான ஒருவர் பேப்பரோடு கேட்டுக்கு வந்து, "வீட்டு வரி ஏத்தறதுக்கு அளக்க வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியும் நம்பவில்லை. நாங்கள் கிளம்பும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.

ஒரு ரோல் ஃபிலிமில் முப்பத்தாறு படம் எடுத்தாள். நான்கு வீடு, ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். ஸ்டேஷன் பக்கம் ரவி என்பவர் புதிதாகக் கலர் லேப் வைத்திருந்தார். மறுநாள் சாயங்காலம் உறையை நீட்டும்போதே சிரித்தார்.

"இன்னா அக்கா, எல்லா வூடும் மல்லாந்துகினு கீது. புயல் அடிச்ச எடமா?"

வாங்கிப் பார்த்தோம். உண்மைதான். ஒவ்வொரு கட்டடமும் கீழே அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகியும், யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதுபோலப் பின்னால் சாய்ந்திருந்தது. சர்ச்சின் கோபுரம் ரொம்ப மோசம். அருள்மேரி உறையைப் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் நான் போனபோது, படங்களை வரிசையாகப் பரப்பி, கோணமானியை வைத்துச் சாய்வை அளந்துகொண்டிருந்தாள்.

"நாலரை டிகிரி. இது அஞ்சு. சர்ச் ஏழு" என்றாள். காலடியில் மரச்சுருள்.

சார் வந்து பார்த்தார். "நான் கட்டினதெல்லாம் இடிஞ்சு விழப் போறதுன்னு வர்ற க்ளையன்ட் நினைச்சுப்பானேம்மா."

முதலில் கேமராவின் மேல் பழி போட்டாள். பழுது பார்க்கிறவரிடம் எடுத்துப் போனோம். அவர் பிரித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். இன்னும் இரண்டு ரோல் எடுத்தாள். உட்கார்ந்து எடுத்தாள், ஸ்டூல் போட்டு எடுத்தாள். உட்கார்ந்து எடுத்ததில் இன்னும் அதிகமாகச் சாய்ந்தது. வீட்டில் அப்பாதுரை, "பழைய கேமரான்னா அப்படித்தான் இருக்கும், விடு மேரி. உன் வேல படம் வரையறதுதானே?" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை என்று என்னிடம் சொன்னாள். அவர் ஆறுதலாகச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு நாள், ஒரு பங்களாவைப் பார்வைக்கு எப்படி இருக்கும் என்று பெரிய தாளில் வரைந்துகொண்டிருந்தாள். அந்த மாதிரிப் படத்தை வரைகிறபோது, கண்ணுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி செங்குத்தாக நிற்பதாக வைத்துக்கொள்வார்களாம். அந்தக் கண்ணாடியில் விழுவதுதான் படம். பாதியில் பேனாவை வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சாவித்ரி, அந்தக் கண்ணாடிய நாம சாய்ச்சா என்ன ஆகும்?"

"எந்தக் கண்ணாடி?"

"வீடு சாயல. நான்தான் சாயறேன். மாடி முழுசா வரணும்னு கேமராவோட மூஞ்சியத் தூக்கறேன் பாரு, ஃபிலிமும் சாயுது. ஃபிலிம் சாஞ்சா கோடும் சாயும். ஐ.டி.ஐ.ல சேந்த மொத வருஷமே சொல்லிக் குடுத்தது!"

கண்டுபிடித்துவிட்டாளே என்று நான் சந்தோஷப்பட்டேன். அவளுக்கோ ஆத்திரம்தான் கூடியது. தெரியாததைத் தெரிந்துகொண்டால் சந்தோஷப்படலாம். பதிமூன்று வருஷமாகத் தினமும் கையால் செய்கிற ஒன்று மூன்று ரோல் முடியும் வரைக்கும் தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எங்கள் கொத்தனாரிடமிருந்து சின்ன ரசமட்டம் ஒன்றை வாங்கிக் கேமராவின் தலையில் வைத்தாள். கண்ணாடிக்குள் குமிழி நடுவில் வந்து நின்றால்தான் படம் எடுப்பாள். அடுத்த ரோலில் சுவர்கள் எல்லாம் தூக்குக்குண்டு பிடித்ததுபோல நேராக நின்றன. ஆனால் படத்தின் கீழ்ப் பாதி முழுக்க ரோடு. மாடியின் தலை அறுந்து போயிருந்தது.

"ரோட்ட நல்லா எடுத்துகிறீங்க அக்கா. பஞ்சாயத்துல குடுத்தா டெண்டர் கெடைக்கும்" என்றார் ரவி.

தலை அறுபடாமல் இருக்கப் பின்னால் போக வேண்டும். எங்கள் பக்கத்துத் தெருக்கள் இருபது அடி அகலம். எவ்வளவுதான் பின்னால் போவது? எதிர்வீட்டுக் காம்பவுண்டு சுவர் முதுகில் இடிக்கும். நன்றாக எடுக்க முடிகிற வீடு எது, முடியாத வீடு எது என்று தெருத் தெருவாக நடந்து பார்த்தாள். எதிரில் காலி மனை இருக்கும் வீடுதான் வேண்டும் என்று முடிவுக்கு வந்தாள்.

அப்படி ஒரு வீடு கிடைத்தது. செம்பாக்கத்தில் ஏரிக்குப் போகும் வழியில் ஏகநாதனின் வீடு. அவருடைய குடும்பம் அந்த ஊரின் பழைய குடும்பம். நஞ்சை இருந்த இடமெல்லாம் மனையாகிப் போனபின், மிச்சம் வைத்திருந்த நான்கு கிரவுண்டில் மாடி வைத்து ஆசையாகக் கட்டியிருந்தார். சார் அதுவரைக்கும் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். முன்பக்கம் வலது மூலையில், அதாவது வாயு மூலையான வடமேற்கில், வெளியிலிருந்தே மாடிக்கு வளைந்து ஏறும் படிக்கட்டு. அதற்குக் கீழே கூழாங்கல் பதித்த சுவர். எதிரே வேலிகாத்தான் முளைத்த காலி மனை. வீடு கட்டுவோருக்காகச் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாதப் பத்திரிகை, அந்த வீட்டைப் பற்றி எழுதுவதாகவும், நல்ல படம் ஒன்று வேண்டும் என்றும் சாரிடம் சொல்லியிருந்தது.

தை மாதம் கிரகப்பிரவேசம் முடிந்த மறு வாரம் போனோம். முள்ளுக்குள் ஸ்டாண்டை நிறுத்தினாள். என் புடவை இரண்டு இடத்தில் கிழிந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது முழு வீடும் தலையோடு, நேராக, சட்டத்துக்குள் வந்தது. அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரவியின் லேபில் உறையைப் பிரித்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. வானம் வெள்ளை. வீடு ஒரே கறுப்பு. கூழாங்கல் சுவர் தார் பூசியதுபோல இருந்தது.

மறுபடி போனோம், காலை பத்து மணிக்கு. கறுப்பு. பிறகு சாயங்காலம் நான்கு மணிக்கு. கறுப்பு. ரவி வெளிச்சத்தைக் கூட்டிப் போட்டுக் கொடுத்தபோது வீடு சாம்பலாகவும், வானம் இல்லாமலே போயும் வந்தது. மூன்றாம் தடவை ஏகநாதன் எங்களுக்கு உதவுவதாக நினைத்து, வீட்டிலிருந்த எல்லா ட்யூப்லைட்டையும் போட்டு வைத்தார். பிறகு படத்தைப் பார்த்துவிட்டு முகம் சுருங்கிப் போனார்.

"ஆசப்பட்டு ரோஸ் கலர் அட்ச்சு வெச்சிகீறேன். நீங்க இன்னாம்மா, எழவு வூடு மாரி காட்றீங்க?"

  அருள்மேரி தாம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அலுவலகத்துக்கு வந்து, அலமாரியைத் திறந்து அந்த வீட்டின் வரைபடத்தை எடுத்துப் பிரித்தாள். மூலையில் வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி. அவளே போட்டது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வடக்குப் பாத்த வீடு" என்றாள். "இப்ப சூரியன் தெக்க போவுது. வீட்டுக்குப் பின்னாடியேதான் நாள் முழுக்க இருக்கும். நான் பத்து மணிக்குப் போனா என்ன, நாலு மணிக்குப் போனா என்ன?"

ஜன்னலுக்கு மேல் வெயில் தடுப்பு எவ்வளவு நீட்ட வேண்டும் என்று கணக்குப் போட, மாதா மாதம் சூரியன் எங்கே நிற்கும் என்ற அட்டவணை ஒன்று அலுவலகத்தில் உண்டு. அதை எடுத்துப் பார்த்தாள். ஆடி முடிந்தால் சூரியன் தெற்குப் பக்கம் போய்விடும், சித்திரையில்தான் திரும்பும். வடக்குச் சுவரில் நன்றாக வெயில் விழ வைகாசி, ஆனி ஆக வேண்டும். அதுவும் காலை ஏழு, ஏழரைக்கு.

சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெயில் படாது, வீடு குளுகுளுன்னு இருக்கும்னு நான்தான் அந்த மனுஷன்கிட்ட சொல்லி வடக்குப் பார்த்துக் கட்ட வச்சேன். இப்போ வெயில் படலைன்னு நீ வந்து சொல்றே."

"ஆனி வரைக்கும் டைம் குடுங்க சார்."

"ஒரு படத்துக்கு அஞ்சு மாசமா? பத்திரிகைக்காரன் சிரிப்பான்."

பத்திரிகைக்காரர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கே கட்டுரை தள்ளிப் போய்விட்டது. தீபாவளி இதழில் போடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஐந்து மாதமும் அவள் சும்மா இருக்கவில்லை. கிழக்குப் பார்த்த வீடுகளைக் காலையிலும், மேற்குப் பார்த்த வீடுகளைச் சாயங்காலத்திலும் எடுத்துப் பழகினாள். ஒரே படத்தை வெளிச்சம் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்று தடவை எடுத்து, எது எப்படி வந்தது என்று நோட்டில் எழுதினாள். கரண்டுக் கம்பி, கொடியில் துணி, டி.வி. ஆன்டெனா, யாராவது நிறுத்திவிட்டுப் போன சைக்கிள், எல்லாமே அவளுக்குப் பகையாயின. முப்பத்தாறில் நான்கு தேறும். சில ரோலில் ஒன்றும் தேறாது. தேறாத படங்களை அவள் கிழிப்பதில்லை. பின்பக்கத்தில் என்ன தப்பு என்று எழுதி டப்பாவில் போடுவாள். டப்பாதான் சீக்கிரம் நிறைந்தது.

ஆனி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கெல்லாம் செம்பாக்கம் போய்விட்டோம். தெருவில் திரும்பியதும் அவள் அப்படியே நின்றாள்.

காலி மனை இல்லை. வேலிகாத்தானை வெட்டிவிட்டு யாரோ வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஸ்டாண்ட் வைத்த இடத்தில் சுவர் எழும்பி, முதல் மாடித் தளமும் போட்டாகிவிட்டது. தெருவின் இந்தப் பக்கம் நிற்கலாம் என்றால் ஜல்லிக் குவியல். அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள். மாடி பாதிதான் தெரிந்தது. எதிரில் ஏகநாதனின் வீட்டில், அட்டவணையில் இருந்தபடியே வெயில் விழ ஆரம்பித்திருந்தது. ரோஸ் சுவரில் படிக்கட்டின் நிழல் வளைந்து விழுந்தது. அருள்மேரியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐந்து மாதம் காத்திருந்து, வெயில் இருக்கிறது, நிற்க இடம் இல்லை.

"இன்னாம்மா, ஜல்லி மேல நின்னுகினு அய்வுற?"

கட்டுகிற வீட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மாள் வந்தாள். கங்கையம்மாள் என்று பேர். சித்தாள் வேலை செய்துகொண்டு, சாமான்களுக்குக் காவலாக அங்கேயே தங்கியிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எதிர் வூட்ட போட்டோ புடிக்கணும், அவ்ளோதானே? மேல ஏறிப் புடி. ஏணி கீது."

அருள்மேரி நிமிர்ந்து அந்தத் தளத்தைப் பார்த்தாள். பிறகு ஏகநாதனின் வீட்டைப் பார்த்தாள். பிறகு மறுபடி தளத்தை. அவள் உயரத்தைக் கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கேமரா வீட்டின் பாதி உயரத்தில் இருந்தால் மூஞ்சியைத் தூக்கவே வேண்டாம். ரோடும் வராது, தலையும் அறுபடாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சவுக்கு ஏணியில் ஏறினாள். ஸ்டாண்டை நான் கீழேயிருந்து நீட்டினேன். கங்கையம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

ரசமட்டம் வைத்து, குமிழியைப் பிடித்து, அவள் தயாரானபோது மணி ஏழு பத்து. ஏகநாதனின் வீட்டு மாடிக் கைப்பிடியில் ஒரு ஜமக்காளம் தொங்கியது. நான் ஓடிப் போய்ச் சொல்லி எடுக்க வைத்தேன். ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்த வைத்தேன். திரும்பி வந்தால், கங்கையம்மாள் வேலை செய்யும் வீட்டுக்கே செங்கல் லாரி ஒன்று வந்து, படிக்கட்டை மறைத்தபடி நின்றது. டிரைவர் இறங்கி பீடி பற்ற வைத்தார்.

"அண்ணா, வண்டிய கொஞ்சம் முன்னாடி எடுங்கண்ணா" என்று மேலேயிருந்து அருள்மேரி கத்தினாள்.

"லோடு எறக்கிட்டுத்தான்மா. ஒரு மணி நேரம்."

ஒரு மணி நேரத்தில் வெயில் மேலே ஏறிவிடும்; சுவரில் இந்த நிழல் இருக்காது. அருள்மேரி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். திட்டவாவது செய்திருக்கலாம். திட்டும் தெம்புகூட இல்லாதவள்போல நின்றாள். கங்கையம்மாள்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு போனாள்.

"தே, வண்டிய எடு. ரெண்டு நிமிசம் அப்பால நிறுத்தினா இன்னா, செங்கல்லு கரஞ்சா பூடும்? ஒரு பொம்பள அவ்ளோ ஒசரத்துல ஏறி நின்னுகினு கீறா, நீ பீடி ஊதிகினு பேஜார் பண்ற?"

லாரி நகர்ந்தது. அருள்மேரி மூன்று படம் எடுத்தாள். ஒன்று கூட்டி, ஒன்று குறைத்து, ஒன்று நடுவில். 

ரவி அந்த முறை கேலி செய்யவில்லை. நடுப் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு வைத்திருந்தார். "இத்த நீங்களா எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். வீடு நேராக நின்றது. கூழாங்கற்களை எண்ணலாம். வானம் நீலமாக இருந்தது. சார் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "இதை வரைஞ்சதே நீதானே, அதான் இப்படி வந்திருக்கு" என்றார். அவர் யாரையும் அவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதில்லை.

பத்திரிகையிலிருந்து வந்தவர், பிரின்டிலிருந்து அச்சிட்டால் தெளிவு போய்விடும், நெகடிவ்தான் வேண்டும் என்றார். மூன்று படமும் ஒரே துண்டு நெகடிவில் இருந்தன. அருள்மேரி யோசித்தாள். சார், "குடும்மா, பத்திரமா திருப்பித் தருவா" என்றார். கொடுத்தாள்.

தீபாவளி இதழ் வந்த அன்று சார் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். ஒரு முழுப் பக்கம், கலரில். கீழே சாரின் பெயர். படம் எடுத்தவர் பெயர் எங்கேயும் இல்லை. அது போகட்டும் என்று அருள்மேரி இருந்திருப்பாள். ஆனால் பக்கத்தைப் பார்த்த அந்த நொடியே அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"படிக்கட்டு இந்தப் பக்கம் இருக்கு."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். நெகடிவைத் திருப்பிப் போட்டுட்டாங்க சார். கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்கு."

சார் பார்த்தார். அவர் வடிவமைத்த வீடு; அவருக்கே உடனே தெரியவில்லை. "ஆமாம்" என்று மெதுவாகச் சொன்னார். "சரி, யாருக்கும்மா தெரியப் போறது?"

தெரிந்தது. மூன்றாம் நாள் ஏகநாதன் இதழைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

"இன்னா சார் இது? வாயு மூலைல இருந்த படிக்கட்ட ஈசானி மூலைல வெச்சிட்டீங்க? என் சம்மந்தி பொஸ்தகத்தப் பாத்துட்டு போன் பண்றாரு. ஈசானில பாரம் ஏத்தினா குடும்பம் வெளங்காதுன்றாரு. ஊரே கேக்குது. இதுக்கோசரமா நான் வாஸ்து பாத்து, ஆள வெச்சு, மூல மூலையா அளந்து கட்னேன்?"

"வீடு அப்படியேதானே இருக்கு, ஏகநாதன். படம்தான் திரும்பிடுத்து."

"எனக்குத் தெரியும் சார். படத்தப் பாக்கறவனுக்குத் தெரியுமா?"

 அருள்மேரி எழுந்து வந்தாள். ஏகநாதன் சொல்வதுதான் சரி என்றாள். அவளுக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த அலுவலகத்தில் அவளைப் போலவே கோபப்பட்ட ஒரே ஆள் அவர்தான். ரவி போட்டுக் கொடுத்த பிரின்ட்டை மேஜையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, "தோ, இதான் என் வூடு" என்றார். வருகிறவர்களுக்குக் காட்டச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். நன்றாக வந்த அந்தப் படத்துக்கு அவளிடம் இருந்த ஒரே பிரின்ட் அது. நெகடிவ் இருக்கிறதே, இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டாள்.

நெகடிவ் வரவில்லை. நான் நான்கு கடிதம் தட்டச்சு செய்தேன். அச்சகத்தில் இருக்கிறது என்றார்கள், பிறகு தேடுகிறோம் என்றார்கள். அருள்மேரி ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மின்சார ரயிலில் நேரிலேயே போனாள். மத்தியானம் வரைக்கும் பெஞ்சில் உட்கார வைத்து, யாரோ பொறுப்பாளர் ஊரில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மார்கழி இதழின் கடைசிப் பக்கத்தில், ஒரு விளம்பரத்துக்குக் கீழே இரண்டு வரி வந்தது. தீபாவளி இதழில் செம்பாக்கம் வீட்டின் படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டதற்கு வருந்துவதாகவும், படம் எடுத்தவர் திரு. அருள்மணி என்றும் போட்டிருந்தார்கள்.

"ஆம்பளையாவே ஆக்கிட்டாங்க" என்றாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். அன்றைக்கு அவள் பென்சிலைத் தொடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மத்தியானமே தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டாள். கேமரா மேஜை இழுப்பறையில் மாசி வரைக்கும் கிடந்தது.

திரும்ப எடுக்கலாமே என்றால் இடமில்லை. கங்கையம்மாள் காவல் இருந்த வீடு இரண்டு மாடியாக முடிந்து, ஆட்கள் குடி வந்துவிட்டார்கள். கங்கையம்மாள் அடுத்த வேலைக்கு எங்கேயோ போய்விட்டாள். மாடி வீட்டு அம்மாளிடம் அனுமதி கேட்கப் போனபோது, "எங்க பால்கனியிலேந்து அவங்க வீட்டப் படம் எடுத்தா நாளைக்கு வம்பு வரும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அருள்மேரியை மறுபடி கேமராவைத் தொட வைத்தது அப்பாதுரை என்றுதான் நினைக்கிறேன். அவள் சொன்னது இவ்வளவுதான். ஒரு நாள் அவர் நெகடிவ் வைக்கும் பிளாஸ்டிக் உறைகள் ஒரு கட்டு வாங்கிவந்து, "இனிமே யார் கேட்டாலும் மூணுல ஒண்ணுதான் குடுக்கணும், வெட்டிக் குடு" என்றாராம். அதன்பின் அப்படித்தான் செய்தாள். எவ்வளவு பெரிய பத்திரிகையாக இருந்தாலும் ஒரு படம்தான்; அதன் ஓரத்தில் எது மேல், எது இடது என்று ஊசியால் கீறிக் கொடுப்பாள். கூடவே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு சீட்டு.

பிறகு சாரின் எல்லா வீடுகளையும் அவள்தான் எடுத்தாள். வேறு இரண்டு ஆர்க்கிடெக்டுகளும் கேட்டு வந்தார்கள். வீட்டின் உள்ளே எடுக்கக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆனது. ஜன்னல் தெரிந்தால் அறை இருட்டு, அறை தெரிந்தால் ஜன்னல் வெள்ளை. வெயில் தாழ்ந்து, வெளியே வெளிச்சமும் உள்ளே விளக்கும் ஒன்றாக இருக்கும் கால் மணி நேரத்தைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் டப்பாக்கள் நிறைந்துகொண்டே இருந்தன. முப்பத்தாறில் நான்கு தேறியது பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. அதற்கு மேல் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் படங்கள் இல்லை. அவள் கண் அதற்குள் இன்னும் கறாராகிவிட்டது. முன்னால் பார்த்துச் சந்தோஷப்பட்ட படங்களையே எடுத்து, பின்பக்கத்தில் புதிதாகத் தப்புகளை எழுதினாள்.

தொண்ணூற்றைந்தில் பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோடுக்குப் பக்கத்தில் நான்கு மாடி ஃப்ளாட் ஒன்று முடிந்தது. சார் செய்ததிலேயே பெரியது. ரோடைத் தாண்டி எதிர்க் கடையின் மொட்டை மாடியிலிருந்து எடுத்தாள். எடுத்த படங்களைச் சார் பார்த்து, "போதும்மா, பிரமாதமா இருக்கு" என்றார்.

"மூணாவது மாடி ஜன்னல் எல்லாம் வெள்ளையா அடிச்சிருக்கு சார். கண்ணாடியில வானம் விழுது. இன்னொரு தடவ போறேன்."

"யார் பார்க்கப் போறா மூணாவது மாடி ஜன்னலை?"

 ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவள் கேமராவோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பஸ் பிடித்துப் போனோம். மொட்டை மாடியில் ஸ்டாண்டை வைத்து, ரசமட்டம் பார்த்து முடித்ததும் மேகம் வந்து மூடியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டோம். கீழே செங்கல்பட்டு பஸ்களும் லாரிகளும் போய்க்கொண்டே இருந்தன. மேகம் விலகியபோது பன்னிரண்டு மணி. வெயில் உச்சிக்கு வந்து, கட்டடம் தட்டையாகத் தெரிந்தது.

"போலாமா?" என்றேன்.

"மூணரைக்கு மேக்குப் பக்கம் வெயில் திரும்பும். அப்ப கண்ணாடியில எதுவும் விழாது. உனக்கு வேல இருந்தா நீ கெளம்பு சாவித்ரி."

வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்ததால் நான் பஸ் ஏறிவிட்டேன். திங்கட்கிழமை போனதும் முதல் வேலையாக, படம் கிடைத்ததா என்று அவளிடம் கேட்டேன். மூன்றேகாலுக்கு மழை பிடித்துக்கொண்டதாம்.